மாவட்டம் மாறிய மார்லா

"பொட்டாசியம். கால்சியம். ஸ்காண்டியம். டைட்டானியம்."

இரும்புக் கூண்டில் தலை மாட்டிக்கொண்டு கண்ணை உருட்டும் கிடேரியின் காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் மார்லா டிரைலிங் சொல்லிக்கொண்டே போகிறாள். பின்பக்கத்தில் டாக்டர் யோஸ்ட், தோள்வரை ஏறும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, கிடேரி சினையாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கிறார். மாங்கனீசு வருவதற்குள் அது பெருமூச்சு விட்டுத் தலையைத் தொங்கப்போடுகிறது. கூண்டைத் திறந்ததும் சாதுவாக நடந்து போகிறது. அடுத்த மாடு வந்து நிற்கிறது. அதற்கு மறுபடி ஹைட்ரஜனிலிருந்து.

எங்கள் மேற்குக் கான்சாஸ் பக்கத்தில் தனிமங்களின் பெயரைக் கேட்காத மாடு குறைவு. நாய்க்கும் பூனைக்கும் அதே வைத்தியம்தான். மார்லா இப்போது என்ன படிக்கிறாள் என்பதை அவள் முணுமுணுப்பை வைத்தே விவசாயிகள் தெரிந்துகொள்வார்கள். நியூட்டனின் விதிகள் ஓடிய வருடம் ஒன்று உண்டு. ஒரு கோடை முழுக்கக் கிருமிகளின் பெயர்கள் ஓடின. "அந்தப் பேருங்களைக் கேட்டதுலேருந்து என் மாடு தண்ணியைக் கூட மோந்து பாத்துட்டுதான் குடிக்குது" என்று டெல்மர் வெர்த் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதிய பாடம் எதுவானாலும், வகுப்பு தொடங்கி, ஆசிரியர் அவள் பெயரைக் கூப்பிட்டு, அவள் கையைத் தூக்கும் வரை அதில் ஒரு வார்த்தை வாயில் வராது. புத்தகத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவாள், பழைய பதிப்பாக, பாதி விலைக்கு. ஆனால் அட்டையைத் திறக்கமாட்டாள். ஏன் என்று கேட்டேன். "கன்னு எழுந்து நின்னு பால் குடிக்கட்டும் வெல்மா, அதுக்கப்புறம் பேர் வைக்கலாம்" என்றாள்.

வெல்மா நான்தான். வேலம்மாள் என்று வைத்த பெயரை, நான் இந்த ஊருக்கு வந்த மறுநாளே இவர்கள் இப்படிச் செதுக்கிவிட்டார்கள். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் யோஸ்டின் கால்நடை ஆஸ்பத்திரியில் முன்மேசை என்னுடையது. தொலைபேசியை எடுப்பது, யாருடைய பசு எந்த வாரம் ஈனும் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது, ஊர்ச் செய்தியை வாங்கி ஊருக்கே திருப்பிக் கொடுப்பது ஆகியவை என் வேலைகள். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, மனநிறைவுதான்.

மார்லாவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. நெட்டையான உடம்பு. மணல் நிறத் தலைமுடியை எப்போதும் ஒரு ரப்பர் வளையத்தில் இறுக்கியிருப்பாள். அந்த வளையம் காளைக்கன்றுகளுக்குக் காயடிக்கப் பயன்படும் வளையம் என்று எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவள் தலையைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். நம் ஊரில் கம்பவுண்டர் என்போமே, அந்த மாதிரி வேலை அவளுக்கு. மருந்து கலப்பாள், மயக்க ஊசி போட்ட நாயின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மாட்டைப் பிடிப்பாள். இந்த ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்பே வந்தவள். திருமணம் ஒன்று நடந்து முடிந்துபோனது. அதைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுஷன்தான், அவன் போட்ட வேலி மட்டும் நிக்காது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அவள் படிப்பது கால்நடை மருத்துவம் அல்ல. அந்தக் கல்லூரியின் வாசலை மிதிப்பதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய படிப்பு. பௌதிகம், வேதியியல், கிருமியியல், மரபியல், புள்ளியியல் என்று அது நீண்டுகொண்டே போகும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெரிய பல்கலைக்கழகத்தில் இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். மார்லாவுக்கு அந்தக் கட்டணமும் கட்டுப்படியாகாது, வேலையையும் விட முடியாது. அதனால் எங்கே மலிவோ, எங்கே மாலையில் வகுப்போ, அங்கே போய் ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டு வருகிறாள்.

எதற்கு இத்தனை பாடு என்றால், டாக்டர் யோஸ்டின் வலது தோள் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் மாட்டுக்குள் கையை விட்ட தோள். இப்போது காபிக் கோப்பையை இடது கையால்தான் எடுக்கிறார். ஓய்வு பெறப்போகிறேன் என்று வருடாவருடம் சொல்லி, வருடாவருடம் ஆள் தேடி, ஒருத்தரும் வராமல் தொடர்கிறார். வந்து பார்த்துவிட்டுப் போன இளம் மருத்துவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். நகரத்தில் நாய் பூனை பார்த்தால் சம்பளமும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை தூக்கமும் உண்டு. எங்களை விட்டால் அடுத்த மாட்டு வைத்தியர் இரண்டு மாவட்டம் தள்ளி இருக்கிறார். கன்று குறுக்கே சிக்கிக்கொண்ட பசு அதுவரை தாங்காது. மார்லாவிடம் யாராவது இந்த வயதில் ஏன் என்று கேட்டால், ஆஸ்பத்திரிக் கதவைக் காட்டி, "இதைப் பூட்டிட்டா அப்புறம் யாரு தெறக்கறது?" என்று திருப்பிக் கேட்பாள்.

அவள் கல்லூரி தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மாடு வாங்குகிற மாதிரிதான் என்பாள். பல்லைப் பார்க்கணும், விலையைப் பார்க்கணும், வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வர முடியுமா என்று பார்க்கணும். விலை என்றால் கட்டணம். ஓட்டிக்கொண்டு வருவது என்றால் தூரம். அந்தத் தூரத்தையும் மைல் கணக்கில் சொல்லமாட்டாள், "முழிச்சுக்கிட்டே திரும்பி வர்ற தூரம்", "வழியில ஒரு தூக்கம் போடற தூரம்" என்று இரண்டே அளவு. பல் என்பதுதான் முக்கியம். கால்நடைக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் அம்மாளைக் கூப்பிட்டு, இந்தக் கல்லூரியில் இந்தப் பாடம் படித்தால் உங்களிடம் செல்லுமா என்று கேட்பாள். செல்லும் என்று அந்த வாயால் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. பாவம் அந்த அம்மாள், குரலைக் கேட்டதுமே "இப்போ எந்தக் காலேஜ் மார்லா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்.

இந்த முன்ஜாக்கிரதை சும்மா வரவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை, வேறு ஏதோ மாநிலத்துக் கல்லூரி ஒன்று வீட்டிலிருந்தே வேதியியல் படிக்கலாம், சோதனைக்கூடமும் தபாலில் வரும் என்று விளம்பரம் செய்தது. அடிமாட்டு விலை. அட்டைப்பெட்டியில் சோதனைக் குழாயும் சின்னச் சின்னக் குப்பிகளும் வந்தன. சமையல் மேடையில் வைத்து எல்லாச் சோதனையும் செய்து முதல் தரத்தில் தேறினாள். கால்நடைக் கல்லூரி அதைப் பார்த்துவிட்டு, சோதனைக்கூடத்தில் நேரில் நின்று செய்தால்தான் கணக்கு என்று சொல்லிவிட்டது. ஒரு பருவமும் அந்தப் பணமும் கோவிந்தா. இன்றைக்கும் எந்தக் கல்லூரிக்கு முதல்முறை போனாலும் நேரே சோதனைக்கூடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

அவளுடைய பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியில் ஒவ்வொரு கல்லூரியின் வண்டி நிறுத்தும் சீட்டும் ஒட்டியிருக்கும். எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் ஊரின் கல்லூரியில் பௌதிகம். கிருமியியலுக்கு ஒரு பல்கலைக்கழக ஊருக்குக் கோடை விடுமுறையில் போனாள். வாடகை கொடுக்க மனமில்லாமல் குதிரை ஏற்றும் டிரெய்லரைக் கழுவி, கட்டில் போட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் தங்கினாள். பக்கத்து வண்டிக்காரர் வாசனை பற்றிப் புகார் கொடுத்தாராம். "குதிரையே ஒண்ணும் சொன்னதில்ல" என்று காவலாளியிடம் பதில் சொன்னாளாம். சீட்டுகள் கண்ணாடியை மறைக்க ஆரம்பித்ததும் டாக்டர் யோஸ்ட், முன்னால் ரோடு தெரிகிறதா என்று கேட்டார். போக வேண்டிய இடம் தெரிகிறது, அது போதும் என்றாள்.

இப்படித் துண்டு துண்டாகப் படிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது அறிவியல் பாடம் எதுவும் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது கால்நடைக் கல்லூரியின் விதி. பால் பாக்கெட் மாதிரி அதற்கும் தேதி உண்டு. முன்னால் ஒரு பாடம் முடிக்க முடிக்க, பின்னால் ஒரு பாடம் புளிக்க ஆரம்பிக்கிறது. போன வருடக் கடைசியில் அவளுக்குப் பாக்கி இருந்தது கரிம வேதியியலும், அதற்கப்புறம் சோதனைக்கூடம் இல்லாமல் வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய உயிர்வேதியியலும்தான். ஆனால் முதன்முதலில் படித்த பௌதிகம் காலாவதியாகும் தருவாயில் இருந்தது. அடுத்து வரும் ஆகஸ்ட் பருவத்தில் கரிம வேதியியல் முடியாவிட்டால் அந்த வருட விண்ணப்பம் போச்சு, விண்ணப்பம் போனால் பௌதிகம் போச்சு, எல்லாம் திரும்ப ஆரம்பத்திலிருந்து. டாக்டர் யோஸ்டின் தோளுக்கு அத்தனை காலம் பொறுமை இருக்காது.

கரிம வேதியியலை மாலை நேரத்தில், நிஜமான சோதனைக்கூடத்தோடு, முழித்துக்கொண்டே திரும்பி வரும் தூரத்தில் நடத்துவது ஒரே கல்லூரிதான். அது எங்களுக்குத் தெற்கே இருக்கும் மாவட்டத்தின் கல்லூரி. அந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் கட்டணம் கொஞ்சம். வெளியாட்களுக்கு அதற்கு மேல் கூடுதல் வரி மாதிரி ஒன்று. மார்லாவின் வீடு வடக்கு மாவட்டத்தில். என்ன பெரிய வடக்கு? அவள் வீட்டு முன்னால் ஓடும் மண்சாலைதான் மாவட்ட எல்லை. அவளுடைய தபால் பெட்டியே தெற்கு மாவட்டத்தில்தான் நிற்கிறது, தபால் வண்டி அந்தப் பக்கமாக வருவதால். தினமும் தபாலை எடுக்க வெளி மாவட்டம் போய் வருகிற பெண் அவள்.

கல்லூரியில் இதை எடுத்துச் சொன்னாள். தபால் பெட்டி கல்லூரியில் சேரவில்லையே அம்மா என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி ஆறு மாதம் அங்கே குடியிருக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் கூடுதல் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். மார்லா சாலையைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கத்து மேய்ச்சல் நிலத்தின் சொந்தக்காரரான டெல்மர் வெர்த்திடம், உங்கள் புல்வெளியின் ஓரத்தில் என் வீட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவளுடையது சக்கரத்தின் மேல் நிற்கும் தகர வீடு. டெல்மர் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு, யோசித்தார்.

"வெச்சுக்கோ. என் மாடுங்க ராத்திரி உன் ஜன்னல்ல தலையை விட்டுச்சுன்னா என்கிட்ட வரக் கூடாது" என்றார்.

"வந்தா பாடம் சொல்லித் தரேன்" என்றாள் மார்லா.

ஈற்றுக் காலத்தில் அவருடைய கிடேரிகளைக் கண்காணிப்பது என்று வாடகை பேசி முடிந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வெயில் அடித்தும் குளிர் குறையாத காலையில், டிராக்டரைப் பூட்டி வீட்டை இழுத்தார்கள். சுற்றுவட்டாரமே பிக்கப் வண்டிகளின் பின்தட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது. நான் கோஸும் கறியும் அடைத்த பன்களை ஒரு தட்டு நிறையக் கொண்டுபோனேன். இங்கே யார் வீடு மாறினாலும் சாப்பாடு கொண்டுபோவதுதான் முறை, எவ்வளவு தூரம் மாறுகிறார்கள் என்பது பற்றி முறையில் ஒன்றும் சொல்லவில்லை. வீடு ஆடிக்கொண்டு சாலையின் நடுவுக்கு வந்ததும் டிராக்டர் அணைந்துவிட்டது. முன்பாதி ஒரு மாவட்டம், பின்பாதி ஒரு மாவட்டம். சமையலறை தெற்கே போய்விட்டது, குளியலறை இன்னும் எங்களிடம்தான் என்று வடக்குப் பக்கத்தார் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மார்லாவும் சிரித்தாள். பிறகு டிராக்டர் கிளம்பியது, வீடு போய்ச் சேர்ந்தது. வாசல் படிக்கட்டை மட்டும் மறந்துவிட்டார்கள். அது இன்றும் பழைய இடத்தில், எந்த வீட்டுக்கும் போகாமல் நிற்கிறது.

ஆறு மாதம் குடியிருந்தாள். டெல்மரின் மாடுகள் ஜன்னலில் தலையை விட்டன. ஆகஸ்டில் உள்ளூர்க் கட்டணத்தில் கரிம வேதியியலுக்குப் பெயர் கொடுத்தாள். சோதனைக்கூடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல வேகமா வருது வெல்மா" என்று என்னிடம் வந்து சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. நான்தான் எடுத்து அவளிடம் கொடுத்தேன். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடத்துவார்களாம். சேர்ந்திருப்பது ஐந்து பேர். திங்கட்கிழமை மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர் வராவிட்டால் வகுப்பு ரத்து. மார்லா "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "சரி". போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஊசிக்காகக் காத்திருந்த நாயைப் பிடிக்கப் போனாள்.

வீடு மாறுவதைப் பற்றி யோசித்தவள், வகுப்பே நடக்குமா என்பதை யோசிக்கவில்லை. யாரும்தான் யோசிக்கவில்லை. எங்களைப் போல ஆள் குறைந்த ஊர்களில் எது வேண்டுமானாலும் திடீரென்று இல்லாமல் போகும் என்று தெரிந்திருந்தும் தோன்றவில்லை.

அந்த வாரம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. பழைய பாடம் முடிந்துவிட்டது, புதிய பாடம் பிறக்கவில்லை. மாட்டின் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். மாடுகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒன்று கூண்டை உதைத்துக் கம்பியை வளைத்தது. பூனை ஒன்று டாக்டரின் நல்ல கையையும் பிறாண்டி வைத்தது. "ஏதாவது சொல்லித் தொலையேன் மார்லா. சமையல் குறிப்பாவது சொல்லு" என்று அவர் கெஞ்சினார். அவளுக்கு வரவில்லை. 

அவள் யாரிடமும் உதவி கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் விஷயம் என் மேசை வழியாக வந்திருக்கிறது. என் மேசை வழியாக வந்தது ஊருக்குப் போகாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுபவரின் மனைவிக்குப் போன் செய்தேன்.

வியாழக்கிழமை சந்தை. வழக்கம் போல டாக்டரும் மார்லாவும் பின்கட்டில் மாடுகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாடுகளை ஓட்டிக் காட்டும் வட்டத்தைச் சுற்றியிருக்கும் பலகைப் படிகளில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கும்பல் கன்றுகள் விலைபோய் அடுத்தது வருவதற்குள் ஏலக்காரர் ஒலிபெருக்கியில் செருமினார். இங்கே யாருக்காவது வீடு எரிந்தாலோ, நோய் வந்தாலோ, ஏலத்தின் நடுவில் சொல்வது வழக்கம். ஒரு கோழியைக் கொண்டுவந்து, எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, திரும்பத் திரும்ப ஏலம் விட்டுப் பணம் சேர்ப்பார்கள். இந்த முறை கோழி இல்லை.

"மூணு நாற்காலி இருக்கு. தெக்கு மாவட்டக் காலேஜ்ல, கரிம வேதியியல்" என்றார் அவர். "உக்காந்தா நம்ம மார்லா டாக்டராயிடுவா. யாரும் உக்காரலைன்னா அடுத்த வருஷம் உங்க மாட்டுக்கு நீங்களே கையை விட்டுக்கலாம். முதல் நாற்காலிக்கு யாரு?"

சிரிப்பு அடங்கவே நேரமானது. ஈயை விரட்டக் கையைத் தூக்கிய ஒரு கிழவரைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார் ஏலக்காரர். பள்ளியிலேயே தான் வேதியியலில் தோற்றவன் என்று அவர் எழுந்து நின்று அறிவித்தார். முன்பே அடிப்படை வேதியியல் படித்தவர்கள்தான் சேர முடியும் என்று நான் சொல்லி அனுப்பியதையும் ஏலக்காரர் எடுத்துச் சொன்னார். உயர்நிலைப் பள்ளியில் விவசாயம் சொல்லித்தரும் கிளின்ட் பாஸ்கல் தொப்பியை உயர்த்தினார். ஆசிரியர் உரிமத்தைப் புதுப்பிக்க எப்படியும் ஏதாவது ஒரு பாடம் படித்தாக வேண்டுமாம், இதுவே இருக்கட்டும் என்றார். இரண்டாவது நாற்காலிக்கு ஒரு தகப்பன் எழுந்தார். தன் மகள் யெசேனியா எரிசாராய ஆலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள், அவள் படித்தால் ஆலையே கட்டணம் கட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்றாவது நாற்காலிக்கு யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அடுத்த கன்றுகளை உள்ளே விட்டார்கள்.

பின்கட்டிலும் ஒலிபெருக்கி இருக்கிறது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். மார்லா முகம் சிவந்து வந்தாள்.

"என்னை மாடு மாதிரி ஏலம் விட்டுட்டீங்களே வெல்மா."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. நல்லது செய்யப் போனவளுக்கு இதுதான் பரிசா? "மாடா இருந்தா நாலு காசுக்குப் போயிருப்ப. உன்னோட ரோஷத்தை எவன் வாங்குவான்?" என்று நானும் விட்டேன். இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை முழுக்க மருந்துப் பெயர்களைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் ஒரு சங்கதி உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். அது மார்லாவுக்கும் தெரியும். அவளுக்குச் சமன்பாடு சரி பார்த்துக் கொடுத்தவளே நான்தான். மூன்றாவது நாற்காலி என் எதிரில்தான் கிடக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கேட்பாள், நான் கொஞ்சம் பிகு செய்யலாம் என்று பார்த்தால், கேட்கவே மாட்டேன் என்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கு உதறல்தான். ஐம்பத்து நான்கு வயதில், பேரன் வயதுப் பையன்களுக்கு நடுவில், கண்ணாடிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? நான் பிப்பெட்டை உடைத்துத் திட்டு வாங்கியவள். தோற்றுவிட்டால் அதை ஊருக்குச் சொல்லவும் நானே வேண்டும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியைப் பூட்டும்போது பொறுக்கமுடியாமல் நானே ஆரம்பித்தேன். எனக்கும் வேதியியல் தெரியும் என்று ஞாபகம் இருக்கிறதா, ஏன் என்னைக் கேட்கவில்லை?

அவள் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"கேட்டா நீங்க சரின்னு சொல்லிடுவீங்க. அது மாட்டைப் புடிச்சுக் கட்டற மாதிரி வெல்மா. தினமும் அதைத்தான் செய்யறேன். உங்களுக்குச் செய்ய மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினாள்.  இப்படி ஒரு விடாக்கண்டியிடம் யார் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மாட்டுக்காரிக்கு மாடு தேடப் போன, கடைசியில நீயே போய் நிக்கறியா?" என்று சிரித்துவிட்டு, பரணிலிருந்து என் பட்டச் சான்றிதழை எடுத்துக்கொடுத்தார். திங்கட்கிழமை காலை தெற்கு மாவட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பதிவு அலுவலகத்துப் பெண் என் சான்றிதழை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துத் தோற்றாள். வேதியியல் ஆசிரியரைப் போனில் கூப்பிட்டு, ரிசீவரை என்னிடம் கொடுத்தாள்.

பென்சீன் என்றால் என்ன, சொல்லுங்கள் என்றார் அவர்.

ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்பது என்று ஆரம்பித்தேன். அப்புறம் எங்கிருந்தோ எல்லாம் வந்தது. நிறுத்தமுடியவில்லை. எதிர்முனையில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "போதும் போதும், சேத்துக்கச் சொல்லுங்க. எனக்கும் இந்த வகுப்பு வேணும்" என்றார். என்னை வெளி மாவட்டக்காரி என்று கூடுதல் கட்டணமும் தீட்டினார்கள். என் வீட்டுக்குச் சக்கரம் கிடையாதே.

மார்லாவிடம் நான் சொல்லவில்லை. முதன்முறையாக ஒரு செய்தியை என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மதியம் கல்லூரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. எட்டு ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். "யாரோ கடைசியில வந்துட்டாங்களாம்" என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் பூனைத் தீனிப் பைகளை அடுக்கிக்கொண்டே, அப்படியா என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தானும் ஒரு பையை எடுத்து அடுக்கினாள். அன்று மாலை வரைக்கும் மாடுகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் பெயரைக் கூப்பிடவில்லை அல்லவா?

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி வகுப்பு. முதல் நாளே சோதனைக்கூடம் என்று உள்ளே அனுப்பிவிட்டார்கள். மார்லா முன்வரிசையில் இருந்தாள், தலையில் அந்த ரப்பர் வளையம். கிளின்ட் பாஸ்கல், யெசேனியா, மற்ற நாலு பிள்ளைகள். நான் கடைசி மேடையில் போய் நின்றுகொண்டேன். ஆசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். டிரைலிங் என்றதும் மார்லா கையைத் தூக்கினாள். எட்டாவதாக என் பெயரை முழுசாகச் சொல்ல முயன்று, பாதியில் விட்டுவிட்டு, "வெல்மா" என்றார். நானும் கையைத் தூக்கினேன். மார்லா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து மட்டும் சிவந்தது.

கொதிநிலை பார்க்கும் சோதனை. பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குடுவையை எடுத்தேன்.  குடுவை தாங்கியில் பட்டுக் கிணுகிணு என்று சத்தம் போட்டது, எல்லாருக்கும் கேட்கும்படி. கீழே வைக்கவும் முடியவில்லை, மாட்டவும் முடியவில்லை. கண் எங்கே பார்க்கிறது என்றே தெரியவில்லை.

பின்னாலிருந்து சோப்பும் அயோடினும் மணக்கும் ஒரு உள்ளங்கை வந்து என் காதுக்குப் பின்னால் படிந்தது. இறுக்கவில்லை, சும்மா படிந்தது.

"மீத்தேன்" என்றாள் மார்லா, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில். "ஈத்தேன். புரோப்பேன். பியூட்டேன்."